குளிர்ந்த குழலின் முதல் குண்டு

2019 ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், லிக்கோலாவுக்கு மேலே ஒரு ஓடைச் சரிவில், நான் சுட்ட கடமான் ஒன்று முள்புதருக்குள் ஓடி மறைந்தது. தூரம் எழுபது மீட்டர்கூட இருக்காது. கையில் .308 ரைஃபிள், அதாவது 0.308 அங்குல விட்டக் குண்டு; உள்ளே 150 கிரெயின் (ஏறக்குறைய பத்து கிராம்) ஈயமுனைத் தோட்டா. மான் பக்கவாட்டில் நிற்கவில்லை. மார்பும் தோளும் என் பக்கம் திரும்பியிருந்த கோணம். சுட்டதும் முதுகு வளைந்தது, இரண்டு தாவு, அவ்வளவுதான். இலைகளில் நாலைந்து சொட்டு ரத்தம் கிடந்தது. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஓடையோரமாக நானூறு மீட்டர் கீழே கிடந்தது. இரவில் காட்டு நாய்கள் வந்து போயிருந்தன. அறுத்துப் பார்த்தேன். குண்டு தோள் எலும்பில் பட்டுச் சிதறியிருந்தது. நுரையீரலை எட்டியது ஒரு சிறு துண்டு மட்டும்தான்.

அந்தத் தவறில் பெரும்பங்கு என்னுடையது. அந்தக் கோணத்தில், அந்தக் குண்டை வைத்துக்கொண்டு, விசையைத் தொட்டிருக்கவே கூடாது. அந்த மான் எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்ற கேள்வி பல வாரம் என்னை விடவில்லை. அந்தக் கேள்வியில்தான் நான் கட்டச் சொன்ன இந்தப் புது ரைஃபிள் தொடங்கியது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கூடலூர்க்காரன். முதுமலைச் சாலையோரம் கடமானைப் பார்த்து வளர்ந்தவன். அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன்மேல் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கும் விலங்கு அது. விக்டோரியாவில் நிலைமை தலைகீழ். 1860-களில் இந்தியா, இலங்கைப் பக்கமிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சில மான்களின் வாரிசுகள் இன்று கிழக்கு மலைகள் முழுக்கப் பரவி, இந்த மண்ணுக்கே உரிய செடிகளையும் மலைச் சதுப்புகளையும் மிதித்து, மேய்ந்து அழிக்கின்றன. இங்கே அதைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. லைசன்ஸ் இருந்தால் நடந்து தேடி வேட்டையாடுவதற்கு ஆண்டு முழுக்க அனுமதி உண்டு. சட்டம் ஒரு கீழ் எல்லையும் வைத்திருக்கிறது: கடமானுக்கு .270-க்குக் குறைந்த விட்டமோ 130 கிரெயினுக்குக் குறைந்த எடையுள்ள குண்டோ ஆகாது. என் .308 அந்த எல்லைக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் 200 கிலோவைத் தாண்டிய ஆண் மான் ஒன்று பெரணிக்குள்ளிருந்து பாதி உடம்பு காட்டி நிற்கும்போது, அந்த எல்லை மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என்னோடு வேட்டைக்கு வருபவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபது வருடமாக இந்த மலைகளில் நடப்பவர். அவர்தான் ஒரு கன்ஸ்மித்தை, அதாவது துப்பாக்கி கட்டித் தரும் தொழில்காரரை, அறிமுகம் செய்தார். இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து நாமே செய்ய முடியாது. துப்பாக்கி செய்யவோ குழல் மாற்றவோ இங்கே அதற்கான உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும். என் பங்கு எது வேண்டும் என்று யோசித்துச் சொல்வது, அளவுக்கு நிற்பது, பிறகு சுட்டுச் சோதிப்பது.

முதல் சந்திப்பில் கன்ஸ்மித் காலிபர், அதாவது குண்டின் விட்டம், பற்றிப் பேசவே இல்லை. "எவ்வளவு தூரத்தில் சுடுவாய்? எவ்வளவு நேரம் தூக்கி நடப்பாய்? வருஷத்துக்கு எத்தனை தோட்டா பயிற்சியில் செலவழிப்பாய்?" என்று மூன்று கேள்வி கேட்டார். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள், பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில் நின்றால் இருநூறு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர நடை, வருஷத்துக்கு இருநூறு தோட்டா என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் நடுத்தர விட்டம் என்று சொல்லப்படும் .33 முதல் .375 அங்குலம் வரையிலான வகைகளை மேசையில் அடுக்கிக் காட்டினார்.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வந்த பழைய பெருமைக்காரன். ஆனால் அதன் தோட்டா நீளம். அதற்கு நீளமான ஆக்ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயக்கப் பகுதி, வேண்டும், எடை கூடும். 9.3×62 ஜெர்மானியத் தோட்டா, 1905 வாக்கில் ஆப்பிரிக்காவில் குடியேறியவர்களுக்காக உருவானது. மருந்து கூடிய மேக்னம் வகை இல்லை, உதையும் மிதம். ".338 வின்செஸ்டர் மேக்னம் 1958-இல் வந்தது. .375-இன் பித்தளைக் கூட்டைக் குறுக்கி, கழுத்தைச் சிறிதாக்கிய வகை. சாதாரண நீள ஆக்ஷனுக்குள் உட்காரும்," என்றார். நான் .338-ஐ எடுத்தேன். இன்று மறுபடி தொடங்கினால் 9.3×62-ஐயும் சமமாகத் தூக்கிப் பார்த்திருப்பேன். கடமானுக்கு அது தாராளமாகப் போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆனால் .338-ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது.

கன்ஸ்மித்திடம் 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னத்தில் பழைய வின்செஸ்டர் 70 ஒன்று விற்பனைக்கு இருந்தது. குழலின் தொண்டை எரிந்து தேய்ந்துபோன துப்பாக்கி, யாரும் வாங்கவில்லை. அந்த 7 மில்லிமீட்டர் மேக்னமும் .338-உம் ஒரே வம்சம். பித்தளைக் கூட்டின் அடிவிட்டம் ஒன்று, கூட்டின் நீளமும் ஒன்று. ஆகவே தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் முகத்தைக் குடைய வேண்டாம், தோட்டாக்கள் அடுக்கும் மேகசின் பெட்டியை மாற்ற வேண்டாம். குழலையும், தோளில் வைக்கும் கட்டையையும் மாற்றினால் போதும். இந்த மாதிரி வேலைக்கு இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் தோட்டாவின் வம்சத்தைச் சேர்ந்த பழைய துப்பாக்கியைத் தேடுங்கள். சின்னத் தோட்டாவுக்குச் செய்த ஆக்ஷனை மேக்னத்துக்கு இழுக்கப் போனால், ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும். பணமும் போகும், நம்பிக்கையும் போகும்.

வாங்கும் அனுமதி, காலிபர் மாற்றத்தைப் பதிவேட்டில் திருத்துவது எல்லாம் கன்ஸ்மித் வழியாகவே முடிந்தது.

குழல் 24 அங்குலம், உள்வரி பத்து அங்குலத்துக்கு ஒரு முறுக்கு, துருப்பிடிக்காத எஃகு. இதில் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் கட்டையைப் பற்றித்தான். நான் ஐந்தரை அடி. கடையில் வரும் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 35 சென்டிமீட்டர் இருக்கும். டீ-ஷர்ட்டில் நின்று தோளில் வைத்தால் சரியாகத்தான் தோன்றும். மழைக்கோட்டும் கம்பளியும் போட்டதும் கட்டை அக்குளில் சிக்கும், கண் குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு எட்டாது. கன்ஸ்மித் என்னை மலைக்குப் போகும் அதே உடையில் வரச் சொன்னார். பிப்ரவரி வெயிலில், கம்பளி உடுப்போடும் முதுகுப் பையின் பட்டைகளோடும் அவர் பட்டறையில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கு என்றார், தோளில் வைத்த பிறகு கண்ணைத் திற என்றார். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியும்வரை ரப்பர்த் திண்டையும் மரத்தையும் மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் 33 சென்டிமீட்டரில் நின்றது. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் இந்தத் துப்பாக்கியில் நான் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ளது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

மரத்துக்கு வால்நட். ஈரத்தில் ஊதாது என்பதால் செயற்கைக் கட்டைதான் புத்திசாலித்தனம் என்று பலரும் சொன்னார்கள். அது உண்மை. எனக்கு மரம் பிடிக்கும், அதனால் மரம். ஆனால் அதற்கான விலையாக உள்பக்கம், பின்முனை, ரப்பர்த் திண்டுக்கு அடியில் என்று கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய்ப் பூச்சு ஏற்றச் சொன்னேன். தண்ணீர் உள்ளே புகுவது அந்த மறைவிடங்கள் வழியாகத்தான்.

அப்புறம் பெடிங். இரும்பும் மரமும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தைச் சரிசெய்யும் வேலை அது. அதை அருகிலிருந்து பார்க்க ஒரு நாள் அனுமதி கிடைத்தது. ஆக்ஷனின் அடிப்பாகத்தில் ஒரு கறுப்பு மசையைத் தூரிகையால் மெல்லத் தடவினார். விளக்குக் கரியை எண்ணெயில் இழைத்து அம்மா செய்யும் கண்மை போலவே இருந்தது. அப்படியே மரத்துக்குள் இறக்கி, மேலே இரண்டு தட்டு தட்டி, நேராக உயர்த்தினார். மரத்தில் எங்கெல்லாம் இரும்பு தொட்டதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருந்தது. ஒட்டிய இடத்தை மட்டும் சீவினார். மறுபடி மசை, மறுபடி இறக்கம். எனக்குத் தெரிந்து நாற்பது தடவை. குறிப்பாக அவர் கவனித்தது ஆக்ஷனின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த காதை. சுடும்போது வரும் முழு உதையையும் அந்தக் காதின் பின்முகம்தான் மரத்துக்குக் கடத்துகிறது. அது ஒரு பக்கம் மட்டும் தொட்டால், ஒவ்வொரு சுடுதலும் மரத்தில் ஆப்பு அடித்த மாதிரி. .308-இல் அது வருஷக்கணக்கில் தாங்கும். இதில் ஐம்பது தோட்டாவில் கட்டை பிளக்கும். இரு பக்கமும் சமமாகக் கறுப்பு ஒட்டிய பிறகு, இரும்பில் மெழுகு பூசி, இடைவெளியை எப்பாக்ஸியால் நிரப்பினார். குழல் மட்டும் எங்கும் தொடாமல் விடப்பட்டது. அதைச் சோதிக்க ஒரு தாளை மரத்துக்கும் குழலுக்கும் நடுவே நுழைத்து முன்னிருந்து பின்வரை இழுத்தால் போதும். மழையில் நனைந்த பிறகு இன்றுவரை அந்தத் தாள் சோதனையைச் செய்கிறேன்.

முதல் இரண்டு தோட்டாக்களை அவரே, விசையில் கயிறு கட்டித் தள்ளி நின்று சுட்டார். வெறும் கூடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

ரைஃபிள், ஸ்கோப், தோளுவார் எல்லாம் சேர்த்து 4.1 கிலோ. ஆளுக்கு ஆள் இதில் கருத்து வேறுபடும். என் கணக்கில் .338-ஐ நாலு கிலோவுக்குக் கீழே கொண்டுபோவது தோளுக்குச் செய்யும் அநியாயம். மலையேறும்போது இலேசான துப்பாக்கி இனிக்கும்; சுடும் அந்த ஒரு நொடியில் அது கழுதையாக உதைக்கும். இந்த எடையிலேயே .308-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உதை. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் பத்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது அது இன்னும் குறையும். அதைச் சோதிக்காமல் ஸ்கோப்பை இறுக்கிவிட்டுப் புருவம் கிழிந்த ஆட்களைச் சுடுபயிற்சி ரேஞ்சில் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் இரண்டே தடவை ரேஞ்சுக்குப் போனேன். அதற்குள் ஊரடங்கு. மெல்பர்னில் அந்த வருஷம் எத்தனை மாதம் வீட்டிலேயே கிடந்தோம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த முடக்கம் என் ரைஃபிளுக்கு நன்மை செய்தது. மருந்தும், அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத போலித் தோட்டாக்களை வாங்கி, தினமும் மாலையில் மேகசினில் ஏற்றி, போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பழகினேன். வேகமாக, மெதுவாக, பாதியில் நிறுத்தி, துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகக்கூட. இந்த வின்செஸ்டரில் தோட்டாவின் விளிம்பை மேகசினிலிருந்து எழும்போதே போல்ட்டின் நகம் பிடித்துக்கொள்ளும். அதனால் தலைகீழாகவும் விழாது. ஆனால் மிக மெதுவாகத் தள்ளினால் இரண்டாவது தோட்டாவின் மூக்கு சில சமயம் வாயிலில் முட்டி நின்றது. நூறு தடவையில் நாலு. பதற்றத்தில் யாரும் மெதுவாகத் தள்ளமாட்டார்கள் என்று விட்டுவிட நினைத்தேன். ஆனால் மான் பக்கத்தில் இருக்கும்போது சத்தம் வராமல் இருக்க நாம் செய்வதே அந்த மெதுவான தள்ளல்தான். ஊரடங்கு தளர்ந்ததும் கன்ஸ்மித் தோட்டா குழலுக்குள் ஏறும் வாயிலின் சரிவை மெருகேற்றிக் கொடுத்தார். அதன்பின் முந்நூறு தடவை; ஒன்றுகூட நிற்கவில்லை.

நிஜத் தோட்டாவில் மட்டுமே தெரியும் கோளாறு ஒன்றும் உண்டு. சுடும்போது மேகசினுக்குள் காத்திருக்கும் தோட்டாக்கள் ஒவ்வொரு உதைக்கும் முன்சுவரில் மோதும். மெல்லிய ஈயமுனை நசுங்கும். அதைவிட மோசம், குண்டு கூட்டுக்குள் உள்வாங்கும். உள்ளே அழுத்தம் ஏறும். கடைசித் தோட்டாவின் நீளத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, மேலிருக்கும் இரண்டைச் சுட்டுவிட்டு, அதை வெளியே எடுத்து மறுபடி அளந்தேன். ஒரு கம்பெனித் தோட்டாவில் அளவு மாறவில்லை. இன்னொன்றில் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. இரண்டாவதை அன்றே ஒதுக்கிவிட்டேன். பெரிய காலிபர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி நான் சறுக்கிய இடம். நூறு மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டேன். இரண்டு துளை ஒட்டியிருக்கும், மூன்றாவது ஆறு சென்டிமீட்டர் வலப்பக்கம். அடுத்த வாரம் போனால் இடப்பக்கம். தோட்டாவை மாற்றினேன். 210 கிரெயின், 225, 250 என்று மூன்று வகை, பெட்டி பெட்டியாகப் பணம் கரைந்தது. அப்புறம் என் தோள்மீது சந்தேகம் வந்தது.

அண்ணை ஒரு சனிக்கிழமை கூட வந்தார். நான் திரும்பி நிற்க, அவர் மேகசினில் நிஜத்தையும் போலியையும் தன் விருப்பப்படி கலந்து ஏற்றித் தந்தார். மூன்றாவது போலி. விசையை அழுத்தினேன், 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் குழலின் வாய் ஒரு சாண் கீழே குத்தியது.

"தம்பி, நீ சுடேக்குள்ள கண்ணை மூடுறாய். துவக்கு உதைக்க முந்தியே நீ உதை வாங்குறாய்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து முறையை மாற்றினேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தோட்டாவுக்கு மேல் .338-இல் சுடுவதில்லை. ஒவ்வொரு பெரிய தோட்டாவுக்கும் நடுவே .22-இல் ஐந்து. மேசையில் உட்கார்ந்து குனிந்து சுட்டால் உதை முழுக்கத் தோள் எலும்பில் இறங்கும். அதனால் மணல்மூட்டைகளை உயர்த்தி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். கனமான இரும்புத் தாங்கியில் துப்பாக்கியைப் பூட்டிச் சுடும் யோசனையைக் கன்ஸ்மித் தடுத்தார். துப்பாக்கி பின்னால் நகர இடமில்லாவிட்டால் அந்த உதையைக் கட்டையும் ஸ்கோப்பும்தான் வாங்கும். இரண்டு மாதத்தில், 'டிக்' என்ற சத்தத்துக்குக் குழல் அசையாமல் நின்றது. ஒருவருக்கு எந்த மேக்னம் பொருந்தும் என்று கேட்டால், போலித் தோட்டாவில் குழல் அசையாமல் சுட முடிகிற காலிபர்தான் என்பேன். அதற்கு மேலே போனால் மானுக்குத்தான் ஆபத்து.

ஆனாலும் அந்தத் தனித் துளை போகவில்லை. கடைசியில் துப்பாக்கியைக் கன்ஸ்மித்திடமே கொண்டுபோனேன். ஸ்கோப்பைக் கழற்றினார். முன்பக்க அடித்தட்டைத் தாங்கும் திருகின் நுனியில் அதே கறுப்பு மசையைத் தொட்டு வைத்து, மாட்டி, இறுக்கிக் கழற்றினார். நுனியில் இருந்த மசை நசுங்கி, எஃகு பளிச்சென்று தெரிந்தது. திருகு நீளம் அதிகம். அடித்தட்டை அழுத்திப் பிடிப்பதற்கு முன்பே அது உள்ளே குழலின் மரையில் போய் முட்டி நின்றிருக்கிறது. கைக்கு இறுக்கமாகத் தெரியும், தட்டு மட்டும் உள்ளுக்குள் தளர்வு. ஸ்கோப்பை மாட்டியது நான்தான். முன்பக்கத் திருகும் பின்பக்கத் திருகும் ஒரே நீளம் இல்லை என்பதைக் கவனிக்காமல் மாற்றிப் போட்டிருக்கிறேன். அரைச் சுற்று மரையால் ஆறு மாதமும் இரண்டு டஜன் பெட்டித் தோட்டாவும் போயின. துப்பாக்கி திடீரென்று இரண்டு இடத்தில் சுட ஆரம்பித்தால், தோட்டாவை மாற்றும் முன் ஸ்கோப்பின் திருகுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றாக, கழற்றி.

சரியான பிறகு மூன்று தோட்டாக்கள் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று துளையை நான் இப்போது நம்புவதில்லை. பத்துத் தோட்டா சுட்டால் ஐந்து சென்டிமீட்டர் வருகிறது; அதுதான் இந்தத் துப்பாக்கியின் உண்மையான அளவு. மலையில் அதுவும் முக்கியம் இல்லை. மலையில் கேள்வி ஒன்றுதான்: இரவெல்லாம் குளிரில் கிடந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு எங்கே போகும்?

அதற்கு ஒரு காகிதம் வைத்தேன். ஒரே குறிக்காகிதம், பத்து வெவ்வேறு நாட்கள், ஒவ்வொரு நாளும் ரேஞ்சுக்குப் போனதும் ஒரே ஒரு குண்டு. சுட்டதும் துளைக்குப் பக்கத்தில் தேதி, வெப்பம், குழலின் நிலை எழுதிச் சுருட்டி எடுத்துவருவேன். மற்றப் பயிற்சிக்கு வேறு காகிதம். பத்து நாள் முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இடையில் 2021-இன் ஊரடங்குகள். அந்தக் காகிதம் எனக்குச் சொன்ன முதல் சேதி: சுத்தம் செய்து எண்ணெய் பூசிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஐந்து சென்டிமீட்டர் மேலே போகிறது. ஏற்கனவே நாலைந்து தோட்டா சுட்டு அழுக்கேறிய குழலில் அந்தக் கோளாறு இல்லை. அதனால் வேட்டைக்கு முந்தின வாரம் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, குழலைத் தொடாமல் அப்படியே மலைக்கு எடுத்துப்போகிறேன். திரும்பி வந்துதான் சுத்தம். இரண்டாவது: குழலின் வாயில் ஒட்டிய மின்சார டேப், மழையும் மண்ணும் நுழையாமல் தடுக்கிறது, குண்டு போகும் இடத்தை மாற்றுவதில்லை. ஒட்டி மூன்று, ஒட்டாமல் மூன்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தோட்டாவாக 225 கிரெயின், ஈயமில்லாத முழுச் செப்புக் குண்டு வகையில் நின்றேன். எலும்பில் சிதறாது, விட்டுவரும் குடலைத் தின்னும் ஆப்புவால் கழுகுகளுக்கு ஈயம் போகாது. வேகம் அளக்கும் கருவியில் நொடிக்கு 835 மீட்டர் வந்தது. பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. அது வழக்கம்தான். நூறு மீட்டரில் நாலு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் இருநூறில் குறியிலேயே விழுகிறது. இருநூறில் சுட்டு உறுதிசெய்தேன். அதற்கு அப்பால் மானைச் சுடுவதில்லை என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன்.

வெறும் கூட்டில் மறுபடி மருந்தேற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வம்சத்துத் தோட்டாக்களின் அடியில் பெல்ட் என்ற தடித்த வளையம் இருக்கும். கூடு அந்தப் பெல்ட்டில்தான் நிற்கிறது என்று நம்பி, கூட்டின் தோள்பகுதியை ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பின்தள்ளினால், பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். ஒரு நாள் அங்கேயே அறுந்துபோகும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை நகம் மாதிரி வளைத்து, கூட்டின் உள்சுவரில் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பெல்ட்டுக்கு மேலே நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்தக் கூட்டை நசுக்கித் தூர எறியுங்கள்.

கடைசிச் சோதனை மழை. 2022 மே மாதம், அண்ணையின் நண்பருடைய பண்ணையில், மூன்று மணி நேரம் தூறலில் ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் நடந்தேன். மரம் கறுத்துப்போனது. பிறகு மண்மேட்டின் முன் வைத்த காகிதத்தில் ஒரு குண்டு. ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம். தாள் குழலுக்கடியில் தடையில்லாமல் ஓடியது. போல்ட்டின் உள்ளே இருந்த கெட்டியான கிரீஸைக் கழுவி எடுத்திருந்தேன். உறைகுளிரில் அந்தக் கிரீஸ், கேப்பைத் தட்டும் ஊசியின் அடியைத் தளர்த்தும்.

ஆகஸ்டில் டார்கோ மலைப் பக்கம் போனோம். வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன, நிழல்களில் பனி மிச்சமிருந்தது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் விடிந்து அரை மணியில், பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில் ஒரு ஆண் கடமான் பெரணிக்கு மேலே கழுத்தை நீட்டியது. தூரம் 140 மீட்டர். முதுகுப் பையைக் கீழே வைத்து அதன்மேல் கட்டையைச் சாய்த்தேன். மான் மார்பும் தோளும் என் பக்கம் திரும்பி நின்றது. 2019-இல் நின்ற அதே கோணம். இந்தக் குண்டு அதையும் ஊடுருவும் என்று தெரியும். ஆனாலும் காத்திருந்தேன். நாலு நிமிடம் இருக்கும். அண்ணை பின்னால் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு செடியைக் கடிக்கத் திரும்பியது. முன்காலுக்குப் பின்னால் இடம் தெரிந்தது.

உதை எனக்குத் தெரியவே இல்லை. கை தானாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளியது. மான் பதினைந்து அடி நடந்து, முன்கால் மடங்கி, சாய்ந்தது. போய்ச் சேர எங்களுக்கு முக்கால் மணி நேரம். குண்டு மறுபக்கம் வெளியேறியிருந்தது. அதன் கழுத்துமயிரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுமலையில் எங்கள் ஜீப்பின் முன்னால் சாலையைக் கடந்த மானின் அதே மயிர், அதே வாசம்.

இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து இரண்டு நடையாகச் சுமந்தோம். மேலே வண்டிக்கு வர இருட்டிவிட்டது. ஒரு தொடை அண்ணை வீட்டுக்கு. அவர் மனைவி மிளகும் வறுத்த தூளும் போட்டுப் பிரட்டி, அடுத்த நாள் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை, குழலைத் துடைக்காமல், புது டேப் ஒட்டி, ரேஞ்சுக்கு எடுத்துப்போனேன். அந்தப் பழைய காகிதத்தை நூறு மீட்டரில் மாட்டி ஒரே ஒரு தோட்டா. பத்துத் துளைகளுக்கு நடுவே விழுந்தது. பக்கத்தில் தேதியும் 'மலையிலிருந்து வந்தபின்' என்றும் எழுதி, சுருட்டிக் காரில் வைத்தேன்.